ஈயத்துக்காகப் பிறந்த குழல்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று என் மேசைக்கு வந்தால், முதலில் கட்டையைக் கழற்றித் தனியே வைத்துவிடுவேன். ஒட்டிப் பிறந்த இரண்டு குழல்களையும் கயிற்றில் தொங்கவிட்டு, விரல் கணுவால் மெல்லத் தட்டுவேன். நல்ல குழல் கோயில் மணி போலப் பாடும். தட்டிய பிறகும் நாலைந்து நொடி ரீங்காரம் நிற்கும். கீறல் விழுந்த மண்பானையைத் தட்டியது போல ‘டொக்’கென்று அடங்கினால், இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முதுகுப் பட்டை எங்கோ பற்று விட்டிருக்கிறது என்று பொருள். பர்மிங்காமில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவரின் முதல் பாடம் இது. கண்ணால் பார்க்கும் முன் காதால் கேள் என்பார்.

நான் பிறந்தது மதுராந்தகம் பக்கம். அம்மாவின் ஊர் வேடந்தாங்கலை ஒட்டிய கிராமம். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் குஞ்சு பொரிக்கும் நாளில், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பட்டாசு கிடையாது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் திரண்டு போய்ச் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய கதையைத் தாத்தா சொல்லித்தான் நான் தூங்கியிருக்கிறேன். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊராருக்குப் படிக்காமலே தெரிந்த பாடம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிப் பழகி, பிறகு இங்கிலாந்து வந்து, வாத்து சுடுகிறவர்களின் துப்பாக்கியைப் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நின்று நான் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

அம்பத்தூரில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் ‘தவு’ என்போம். பர்மிங்காமின் துப்பாக்கிப் பட்டறையில் முதல் நாள் உட்கார்ந்தபோது, அங்கேயும் அதே சொல் காதில் விழுந்தது. ஊரே மாறியும் அளவு மாறவில்லை என்ற தெம்பு அன்று வந்தது. தலைமுடி ஒன்றின் பருமன் சுமாராக மூன்று தவு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தத் தவுக் கணக்கில்தான் ஓடும்.

குழலின் துளையளவைச் சொல்லும் ‘பன்னிரண்டு போர்’ என்ற பெயரிலேயே ஈயம் இருக்கிறது. ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தத் துளையில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர். கணக்கில் 0.729 அங்குலம், சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலின் அளவையே ஈயத்தைக் கொண்டு சொன்ன காலம் அது. பறவை சுடும் துப்பாக்கிக்குள் போவது ஒற்றைக் குண்டு அல்ல. மிளகு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் இருக்கும் நூற்றுக்கணக்கான ரவைகள். இந்த ரவையை உருண்டையாகச் செய்வதுதான் நெடுங்காலம் பெரிய வித்தையாக இருந்தது. பிரிஸ்டல் நகரில் ஈய வேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ் 1782இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். உருக்கிய ஈயத்தில் சிறிது ஆர்சனிக் சேர்த்து, துளையிட்ட தட்டு வழியாக உயரத்திலிருந்து விழவிட்டால், விழுகிற வழியிலேயே ஒவ்வொரு துளியும் தானாக உருண்டு திரண்டுகொள்ளும். கீழே தொட்டித் தண்ணீரில் விழுந்து இறுகிவிடும். இதற்காக அவர் தன் வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பினார். அதே முறையில் 1799இல் செஸ்டர் நகரில் கட்டிய ரவைக் கோபுரம் இன்றும் கால்வாய்க் கரையில் நிற்கிறது.

ரவை உருண்டையானதும் குழல் செய்பவர்களின் கவனம் குழலின் வாய்ப்பக்கம் திரும்பியது. நியூகாசில் நகரத்து டபிள்யூ.ஆர்.பேப் 1866இல் ஒரு காப்புரிமை பெற்றார். பர்மிங்காமின் டபிள்யூ.டபிள்யூ.கிரீனர் 1874 வாக்கில் அதைச் செம்மைப்படுத்தினார். குழலின் கடைசி ஒன்றிரண்டு அங்குலத்தை உள்ளே லேசாகக் குறுக்குவதுதான் அந்த முறை. இதைத்தான் ‘சோக்’ என்கிறோம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் தூரம் போவது போல, ரவைக் கூட்டம் சிதறாமல் நெடுந்தூரம் போகும். முழுச் சோக் என்றால் ஏறத்தாழ 40 தவு குறுக்கம், அரைச் சோக் 20, கால் சோக் 10. நாற்பது தவு ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் வாத்து விழுவதா, பறந்து போவதா என்பதை முடிவு செய்தது.

இரட்டைக்குழலின் இயல்பே இங்குதான் இருக்கிறது. வலக் குழலில் சோக் குறைவு, இடக் குழலில் அதிகம். பறவை கிட்டத்தில் எழும்பும்போது முதல் விசை, அது தள்ளிப்போனதும் இரண்டாவது விசை. இரண்டு குழல்களும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே வேறு வேறு சுபாவம். இதை மறந்ததன் விலையை நான் கொடுத்திருக்கிறேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஈயம் மிருதுவானது. நாற்பது தவு நெருக்கடிக்குள் நுழையும்போது ஈய ரவைகள் நசுங்கி, நெளிந்து, கூட்டத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு வாசல் தாண்டும் மனிதர்கள் போல வெளியே வந்துவிடும். குழலுக்கு வலி தெரியாது. அதனால் குழலின் சுவரை மெல்லியதாகச் சீவினார்கள். நாள் முழுக்கச் சேற்றிலும் வயலிலும் தூக்கி நடக்க வேண்டிய துப்பாக்கி ஆறரை ராத்தல், அதாவது மூன்று கிலோ, எடையைத் தாண்டக்கூடாது என்பது அன்றைய கைவினைஞர்களின் பெருமை. நல்ல ஆங்கிலக் குழலின் நடுப்பகுதிச் சுவர் புதிதாக இருந்தபோதே 25 அல்லது 30 தவுதான். இரண்டு குழல்களையும் முதுகுப் பட்டையையும் இணைக்கும் பற்றவைப்பிலும் வெள்ளீயத்தோடு ஈயம் கலந்திருக்கும். மொத்தத்தில் அது ஈயத்தைச் சுமந்து, ஈயத்தால் அளந்து, ஈயத்துக்காகவே பிறந்த குழல்.

பர்மிங்காமில் இந்தத் தொழில் நடந்த இடத்துக்குத் துப்பாக்கிப் பேட்டை என்றே பெயர். ஸ்டீல்ஹவுஸ் லேன், லவ்டே தெரு, பிரைஸ் தெரு, பாத் தெரு என்று சின்னச் சின்னச் சந்துகள். குழல் செய்பவர் ஒரு வீட்டில், பூட்டு செய்பவர் அடுத்த வீட்டில், கட்டை செதுக்குபவர் மாடியில், சித்திர வேலை செய்பவர் எதிர் வீட்டில் என்று ஒரு துப்பாக்கி பத்துப் பதினைந்து கைகள் மாறித்தான் முடியும். 1960களில் வளையச் சாலை போட்டபோது பேட்டையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது மிஞ்சியிருந்தவை சில கட்டடங்களும் சில முதியவர்களும்தான்.

ஆனால் பான்பரித் தெருவில் இருக்கும் சோதனைச் சாலை அப்படியே நிற்கிறது. புரூஃப் ஹவுஸ் என்பார்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு அரசரின் சாசனம் கிடைத்தது 1637இல். பர்மிங்காமுக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் சொந்தச் சோதனைச் சாலை வந்தது 1813இல். அதன் வாசலுக்கு மேலே ஆயுதங்களும் கொடிகளுமாக வண்ணம் தீட்டிய சிற்பம் இருக்கிறது. பின்பக்கம் கால்வாய் ஓடுகிறது. நியூ ஸ்ட்ரீட் நிலையத்துக்குள் நுழையும் முன் ரயில் கடக்கும் சந்திப்புக்கும் புரூஃப் ஹவுஸ் ஜங்ஷன் என்றே பெயர். உள்ளே நடப்பது எளிய, கறாரான வேலை. ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிடக் கூடுதல் வெடிமருந்தை அடைத்து வெடிக்கிறார்கள். வீங்காமல் பிளக்காமல் தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் அது துப்பாக்கியே இல்லை. முத்திரை இழந்த துப்பாக்கியை விற்பது இங்கே இன்றும் குற்றம்.

துப்பாக்கியை மடித்துக் குழலைப் பிரித்தால், அடிப்பக்கத்தில் தட்டையான இரண்டு பரப்புகள் தெரியும். முத்திரைகள் அங்கேதான் இருக்கும். ஜாதகம் எழுதிய ஓலை மாதிரி அது. குழல் எந்த ஊரில், எந்தக் காலத்தில், எந்த மருந்துக்காகச் சோதிக்கப்பட்டது என்று எல்லாம் அதில் படிக்கலாம். 1875க்குப் பிறகு சோக் வைத்த குழலில் ‘ஒற்றைக் குண்டுக்கு அன்று’ என்ற எச்சரிக்கையைப் பொறித்தார்கள். 1887இல் அது ‘சோக்’ என்ற ஒற்றைச் சொல்லானது. கரிமருந்து போய்ப் புகையில்லா நைட்ரோ மருந்து பரவியதும், 1896இல் அதற்கெனத் தனிச் சோதனை வந்தது. 1904 முதல் ‘என்.பி.’ என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். லண்டன் குழல் என்றால் வாள் ஏந்திய கையின் கீழே, பர்மிங்காம் குழல் என்றால் கிரீடத்தின் கீழே. 1925 முதல் தோட்டா அறையின் நீளமும், 1954 முதல் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்ற அழுத்தக் கணக்கும் சேர்ந்துகொண்டன. அந்த எழுத்துகளை வெட்டியவர் என் முன்னால் உட்கார்ந்து பேசுவது போலவே இன்றும் எனக்குத் தோன்றும். நான் இவ்வளவுதான் தாங்குவேன் என்று குழல் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது.

இனிப் பறவைகளின் பக்கத்துக்கு வருகிறேன்.

சுடும் ஒவ்வொரு தோட்டாவிலும் பறவையின் மேல் படுவது சில ரவைகள்தான். மீதி நூற்றுக்கணக்கானவை ஏரியிலும் சதுப்பிலும் விழுந்து சேற்றின் மேல் தங்கும். வாத்துக்குப் பல் கிடையாது. கோழியைப் போலவே பொடிக்கற்களை விழுங்கி, தசை வலுத்த அரைவைப்பையில் வைத்துத் தானியத்தை அரைத்துக்கொள்ளும். கல் என்று நினைத்து ஈய ரவையையும் விழுங்கிவிடும். அரைவைப்பை அதையும் அரைக்கும். வயிற்று அமிலத்தில் கரைந்த ஈயம் ரத்தத்தில் ஏறும். இறக்கை தொய்யும். எச்சம் பச்சையாகும். முன்னால் உணவு இருந்தும் பறவை மெலிந்து மெலிந்து, நாணல் புதருக்குள் ஒதுங்கிச் செத்துப்போகும். நரியோ கழுகோ அதைத் தின்றால் விஷம் அங்கேயும் தொடரும். கூட்டம் கூட்டமாக ஒரே இடத்தில் விழுந்து கிடந்தால் மனிதன் கண்ணில் படும். தினம் ஒன்று இரண்டாகச் செத்தால் யாருக்கும் தெரியாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை இல்லை. அமெரிக்காவில் ‘ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்’ என்ற வேட்டை இதழின் ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1894லேயே ஈய நஞ்சால் சாகும் வாத்துகளைப் பற்றி எழுதினார். வேட்டைக்காரர்களின் இதழிலேயே அது வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1959இல் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பெல்ரோஸ் விரிவான ஆய்வை வெளியிட்டார். வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் 2 முதல் 3 சதவீதம் ஈயத்தால் சாகின்றன என்பது அவருடைய மதிப்பீடு. 1976 முதல் அங்கே சில பகுதிகளில் எஃகு ரவையைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு படிப்படியாக விரித்து, 1991இல் நீர்ப்பறவை வேட்டை முழுவதற்கும் நாடெங்கும் ஈயத்தைத் தடை செய்தார்கள். டென்மார்க் 1996இல் எல்லா வேட்டைக்கும் ஈய ரவையை நிறுத்தியது. இங்கிலாந்தில் 1999 செப்டம்பர் 1 முதல் வாத்து, பெருவாத்து, நாமக்கோழி, தாழைக்கோழி ஆகியவற்றைச் சுடவும், கடலோர ஈரநிலங்களில் சுடவும் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

அந்த இலையுதிர் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி. என் தாத்தாவின் துப்பாக்கியில் எஃகு போடலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எஃகு ரவை என்று பெயர் இருந்தாலும், அது காய்ச்சிப் பதம் இறக்கிய மெல்லிரும்புதான். இருந்தாலும் ஈயத்தைவிடப் பல மடங்கு கடினம். அடர்த்தியோ குறைவு: கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.8. இந்த இரண்டு குணங்களிலிருந்துதான் பழைய குழலின் எல்லாத் தொல்லைகளும் கிளைக்கின்றன.

அடர்த்தி குறைந்த ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு அளவு பெரிய ரவை வேண்டும். ஈயத்தில் 2.6 மி.மீ. உள்ள 6ஆம் எண் போதும் என்றால், எஃகில் 3.1 மி.மீ. உள்ள 4ஆம் எண். வேகத்தையும் கூட்டவேண்டியிருக்கும், கூட்டினால் அழுத்தமும் உதையும் ஏறும். அதே எடைக்கு எஃகு ரவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் தோட்டாவும் நீண்டு போகிறது.

கடினம் இன்னொரு கதை. ஈயம் குழலின் சுவரைத் தேய்த்தாலும் பாதகமில்லை. எஃகு தேய்த்தால் கீறல் விழும். அதற்காக எஃகுத் தோட்டாவுக்குள் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வைத்து, ரவை முழுவதும் அதற்குள் உட்கார்ந்தபடியே குழலைக் கடக்கும்படி செய்தார்கள். இப்போது மண்ணில் மட்கும் கிண்ணங்களும் வந்துவிட்டன. கீறல் பிரச்சினை அதோடு தீர்ந்தது. தீராதது சோக். ஈயம் நெளிந்து போகும் வாசலில் எஃகு நெளியாது. ரவைகள் ஒன்றோடொன்று முட்டி, கிணற்றுச் சுற்றுச் சுவரில் அடுக்கிய செங்கல் மாதிரி இறுகி நின்று, சுவரை வெளிப்பக்கம் தள்ளும். சுவர் மெல்லிசாக இருந்தால் சோக் தொடங்கும் இடத்தில் குழல் மோதிரம் போல வீங்கும். வீக்கம் பற்றவைப்பை உடைத்து முதுகுப் பட்டையைத் தூக்கிவிடும். அமெரிக்காவில் பார்க்கர், எல்.சி.ஸ்மித், ஏ.எச்.ஃபாக்ஸ் போன்ற அருமையான பழைய இரட்டைக்குழல்களை வைத்திருந்தவர்கள் எஃகைக் கண்டு பயந்ததற்கும் இதுதான் காரணம். அவற்றில் பல முழுச் சோக் வைத்து வாத்துக்கென்றே செய்த துப்பாக்கிகள்.

இனி என் தவறு. 1999 நவம்பர். செவர்ன் ஆற்றங்கரை விவசாயி ஒருவர் தன் தாத்தாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். 1920களில் எங்கள் பேட்டையில் செய்த, ஆரவாரம் இல்லாத பெட்டிப் பூட்டுத் துப்பாக்கி. முத்திரையைப் பார்த்தேன், நைட்ரோ சோதனை தேறியிருந்தது. தோட்டா அறையை அளந்தேன், முத்திரையில் இருந்த நீளம் சரியாக இருந்தது. வலக் குழலின் சோக்கை அளந்தேன், எட்டுத் தவு. வாசலில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். தாராளமாக எஃகு போடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இடக் குழலை நான் அளக்கவில்லை.

டிசம்பரில் அவர் திரும்பி வந்தார். கோபமாக வரவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. குழலை ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தேன். நல்ல குழலில் ஜன்னல் சட்டத்தின் நிழல் உட்சுவரில் ஒரு நேர்கோடாக ஓடும். இடக் குழலில், வாயிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே, அந்தக் கோடு வளைந்து வட்டமாக நின்றது. வெளியே விரலால் தடவினால் மெல்லிய ஒரு மேடு. தட்டிப் பார்த்தேன், மணி பாடவில்லை. அப்புறம்தான் இடச் சோக்கை அளந்தேன். 38 தவு. அவர் வாங்கியதோ பருமனான ரவை போட்ட வேகமான தோட்டா. யாருக்கும் காயம் இல்லை என்பதை மட்டும் தெய்வத்துக்கு நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. குழலுக்குள் எஃகு உருளையைச் செலுத்தி, வெளியிலிருந்து சின்னச் சுத்தியலால் இரண்டு நாள் தட்டித் தட்டி வீக்கத்தை இறக்கினார். பட்டையைப் பற்றவைத்தார். சோக்கைப் பத்துத் தவுக்குச் சீவினார். குழலை மறுசோதனைக்கு அனுப்பினோம். தேறி வந்த அன்று அதைக் கயிற்றில் தொங்கவிட்டு என்னையே தட்டச் சொன்னார். பாடியது. இனி அளக்காமல் வாய் திறக்காதே என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை நான் மீறாத வாக்கு அது.

இப்போது என்னிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் வந்தால் செய்வது இதுதான். முதலில் முத்திரை. நைட்ரோ முத்திரை இல்லையென்றால் எஃகுப் பேச்சுக்கே இடமில்லை. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல்கள், பாம்புத் தோல் போல அழகான வரி தெரிபவை, நைட்ரோ முத்திரை வைத்திருந்தாலும் அவற்றில் எஃகு ரவை போட நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், 65 மி.மீ. இன்றைய தோட்டா 70 மி.மீ. ஆபத்து என்னவென்றால், 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் சுலபமாகவே நுழைந்துவிடும். தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் இடம் போதுமென்று தோன்றும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய்த் திணறும், அழுத்தம் ஏறும். நுழைந்ததே என்பது பொருந்தியது ஆகாது. 65 மி.மீ. அறைக்கென்றே செய்த எஃகுத் தோட்டாக்கள் இப்போது கிடைக்கின்றன.

மூன்றாவது, உள்விட்டம். முத்திரையில் இருப்பதைவிடச் சுமார் பத்துத் தவு பெரிதாகியிருந்தால், யாரோ துருவை எடுக்கக் குழலைச் சீவியிருக்கிறார்கள். பழைய சோதனை செல்லாது. நான்காவது, சுவரின் கனம், வாயிலிருந்து கடைசிவரை, சுற்றிலும், இரண்டு குழலிலும். மிக மெல்லிய இடத்தில் 20 தவுவுக்குக் கீழே போனால் எஃகு வேண்டாம் என்பதுதான் தொழிலில் நாங்கள் வைத்திருக்கும் வரம்பு. ஐந்தாவது, சோக், இரண்டு குழலிலும். கால் சோக்குக்கு மேல் இருந்தால் சீவிக் குறைக்கச் சொல்வேன். ஆறாவது, தொங்கவிட்டுத் தட்டிக் கேட்கும் அந்த மணி ஓசை.

இவை எல்லாம் தேறினால்கூட, போடவேண்டியது சாதாரண வகை எஃகுத் தோட்டா மட்டும். ஐரோப்பியச் சோதனை விதிகளின்படி 12 போரில் அந்த வகையின் ரவை 3.25 மி.மீ.யைத் தாண்டாது, அழுத்தம் 740 பாரைத் தாண்டாது. உயர் திறன் எஃகுத் தோட்டா என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது வேறு ஜாதி. அதன் அழுத்தம் 1,050 பார் வரை போகும். 1,370 பாரில் சோதித்து, லில்லி மலர் முத்திரை குத்திய புதிய துப்பாக்கிகளுக்கு மட்டும் உரியது. தாத்தாவின் துப்பாக்கியில் அந்த மலர் இருக்காது. ஆகவே அந்தத் தோட்டாவை அதன் பக்கத்தில்கூட வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

தேறாத குழலுக்கும் வழி இருக்கிறது. பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை எஃகைவிட மிருதுவானது, அடர்த்தியும் 9.6க்குப் பக்கம். நல்ல நிலையில் இருந்து, நைட்ரோ சோதனை தேறிய பழைய குழலில், அறைக்குப் பொருந்தும் தோட்டாவாக இருந்தால், முழுச் சோக்கிலும் கவலையில்லாமல் போடலாம். டங்ஸ்டன் பொடியைப் பிளாஸ்டிக்கில் கலந்த ரவையும் அப்படியே. விலைதான் பல மடங்கு. ஒரு பருவத்துக்கு இருபது முப்பது வாத்து சுடுகிறவர் அந்தச் செலவைத் தாங்கலாம். தன் குழலைக் காக்கிற செலவு என்று எண்ணிக்கொள்ளலாம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நான் கேட்டுவரும் ஒரு சாக்கு இருக்கிறது. என் துப்பாக்கி பழையது, எஃகு ஒத்துக்காது, அதனால்தான் ஈயமே போடுகிறேன் என்பார்கள். 2010இல் இங்கிலாந்தின் கடைகளிலும் வியாபாரிகளிடமும் வாங்கிச் சோதித்த வாத்துகளில் 70 சதவீதம் ஈயத்தால் சுடப்பட்டவை என்று தெரியவந்தது. சட்டம் வந்து பதினோரு ஆண்டு கழிந்தும் அந்த நிலைமை. அந்த ஈயத்தை எல்லாம் பழைய துப்பாக்கிகள் சுட்டிருக்க முடியாது. பட்டறைக்கு வரும் பழைய இரட்டைக்குழல்களில் கணிசமானவை அளவில் தேறுகின்றன, தேறாதவற்றுக்குப் பிஸ்மத் இருக்கிறது. பழைய துப்பாக்கியின் பெயரைச் சொல்லிப் பறவைக்கு விஷம் வைப்பது, அந்தத் துப்பாக்கியைச் செய்த கைகளுக்கும் செய்யும் அவமரியாதை.

2020 பிப்ரவரியில் பிரிட்டனின் ஒன்பது வேட்டை, கிராமப்புற அமைப்புகள் ஒன்றுகூடி, ஐந்தாண்டுக்குள் பறவை வேட்டையில் ஈய ரவையைக் கைவிடுவோம் என்று தாங்களாகவே அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி 15 முதல் ஈரநிலங்களில் ஈய ரவையை நிறுத்தியது. 2025 ஜூலையில் பிரிட்டன் அரசும், மூன்றாண்டு அவகாசத்தோடு, ஈய ரவைக்குப் பொதுவாகத் தடை வரும் என்று சொல்லியிருக்கிறது. ஈயத்தின் காலம் முடிகிறது. 1782இல் பிரிஸ்டலில் துளித் துளியாக விழத் தொடங்கியது நம் காலத்தில் நிற்கிறது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பட்டாசு வெடிக்காமல் வளர்ந்தவன் வேறு எப்படி நினைக்க முடியும்?

ஆனால் துப்பாக்கிகள் வீணாகக் கூடாது. மூன்று தலைமுறை கைமாறி வந்த ஒரு குழலை எஃகைக் கண்டு பயந்து பரணில் போடுவதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு கிடைத்த தோட்டாவைத் திணிப்பதும் தவறு. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், பருவம் தொடங்கும் முன் தகுந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு குழல்களையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டையும் என்று அழுத்திச் சொல்லுங்கள். அளந்த எண்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் அரை மணி நேரத்தில் முடியும்.